அழைப்பை ஏற்பதா, மறுப்பதா? மிஷனரி வரலாறு குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: கல்லூரியில் வரலாறு படிக்கும் என் மகளுக்கு ஒரு கட்டுரைப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். காலனி ஆட்சிக் காலத்தில் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ வாழும் ஓர் இளைஞருக்கு இந்தியாவுக்கு மிஷனரியாகச் செல்லும்படி அழைப்பு வருகிறது. அவர் எதையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து முடிவெடுப்பார் என்று எழுத வேண்டும். எங்கள் சபையில் நாங்கள் கேட்டு வளர்ந்த கதைகளில் அழைப்பு வந்தவுடன் எல்லாரும் கப்பலேறி விடுகிறார்கள். உண்மையில் யாருமே தயங்கவில்லையா?
– வாசகி ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: தயங்கினார்கள், அம்மா. நம் மண்ணுக்கு முதன்முதலாக வந்த சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டண்ட்) மிஷனரியே தயங்கியவர்தான். 1705ஆம் ஆண்டு டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் சார்பில் ஆள் தேடியபோது, ஜெர்மனியில் பர்த்தலோமேயு சீகன்பால்குவின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 23தான். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். வயிற்று நோயால் படிப்பையே இடையில் நிறுத்தியவர். வயதும் போதாது, அனுபவமும் போதாது, உடம்பும் ஒத்துழைக்காது என்றுதான் அவர் முதலில் சொன்னார். எங்கே போகப் போகிறோம் என்பதுகூட அப்போது உறுதியாகவில்லை. மேற்கிந்தியத் தீவுகளும் ஆப்பிரிக்காவின் கினியாக் கரையும் பேசப்பட்டு, கடைசியில்தான் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடி முடிவாயிற்று. 1706 ஜூலை 9ஆம் நாள் அவரும் ஹென்ரிக் புளூட்சோவும் அங்கே வந்து இறங்கினார்கள். உடம்பைப் பற்றி அவர் கொண்ட அச்சம் பொய்க்கவில்லை. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றி, தரங்கம்பாடியில் இன்றும் நிற்கும் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்த சில மாதங்களில், 1719 பிப்ரவரியில், தம் 36ஆம் வயதில் அவர் இறந்தார்.

ஆகவே, உங்கள் மகளின் கட்டுரையில் வரும் இளைஞர் தயங்கட்டும். தயங்குவதற்கு அவருக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு வரும் கப்பல் பயணம் ஐந்து மாதங்களோ அதற்கு மேலோ பிடித்தது. கடிதமும் அதே வழியில்தான் போய்வர வேண்டும். ஒரு கேள்வி கேட்டு எழுதினால் மறுமொழி வந்துசேர ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும். தாய் இறந்த செய்தி மகனுக்குக் கிடைக்கும்போது அவரை அடக்கம் செய்து பல மாதங்கள் கடந்திருக்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போய்வரலாம் என்ற நினைப்புக்கே அங்கு இடமில்லை. துறைமுகத்தில் விடைபெறுகிற அன்றே, இனி இவர்களை இவ்வுலகில் காண மாட்டோம் என்ற தெளிவோடுதான் இரு தரப்பாரும் பிரிந்தார்கள்.

இந்தத் தெளிவு எப்படி இருந்தது என்பதற்குச் சுவார்ட்ஸ் ஐயரின் தந்தையை நினைத்துப் பார்க்கலாம். கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் மூத்த மகன். குடும்பமே அவரை நம்பியிருந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் விவிலிய அச்சுப்பணிக்கு உதவுவதற்காகத் தமிழ் கற்றுக்கொண்டிருந்த அவருக்கு அழைப்பு வந்ததும், தந்தையின் இசைவைக் கேட்க வீட்டுக்குப் போனார். தந்தை உடனே பதில் சொல்லவில்லை. மூன்று நாள் யோசிக்க வேண்டும் என்று சொல்லித் தம் அறையில் தனித்திருந்தார் என்றும், மூன்றாம் நாள் கீழே இறங்கி வந்து, சொந்த நாட்டையும் தகப்பன் வீட்டையும் மறந்து போய்வா என்று ஆசீர்வதித்தார் என்றும் சுவார்ட்ஸின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. சுவார்ட்ஸ் தமக்குச் சேர வேண்டிய சொத்தை உடன்பிறந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் புறப்பட்டு, 1750இல் இங்கே வந்தார். 1798இல் தஞ்சாவூரில் இறக்கும்வரை திரும்பிப் போகவே இல்லை. எல்லாத் தந்தையரும் இப்படி இசையவில்லை. நியூயார்க்கில் நல்ல மருத்துவராகப் பெயரெடுத்திருந்த ஜான் ஸ்கடர் 1819இல் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டபோது அவருடைய தந்தை கடுமையாக எதிர்த்தார்.

அடுத்தது பணம். இதைப் பேசுவது பக்திக்குக் குறைவு என்று நம் சபைக் கதைகள் கருதிவிட்டன போலும். ஆனால் அழைப்பு வந்தவர்களுக்கு அது மிகவும் மெய்யான கேள்வி. ஹென்றி மார்ட்டின் 1801இல் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். மிஷனரிச் சங்கத்தின் மூலம் போகவே அவர் விரும்பினார். ஆனால் குடும்பச் சொத்து கைவிட்டுப் போய், திருமணமாகாத தங்கையைக் காப்பாற்றும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. சங்கம் தரும் சிறு தொகை அதற்குப் போதாது என்பதால், கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பளம் பெறும் குருவாக 1805இல் கப்பலேறினார். அவர் நேசித்த லிடியா கிரென்ஃபெல் அவரோடு வர இசையவில்லை. கல்கத்தாவிலிருந்து எழுதிக் கேட்டபோதும் மறுத்துவிட்டார். மார்ட்டின் 31 வயதில், 1812இல், துருக்கியிலுள்ள தோக்காத்தில் தனியாக இறந்தார். கம்பெனிச் சம்பளத்தை ஏற்றதற்காக அவரைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. தங்கையைக் கைவிட்டுவிட்டுப் போயிருந்தால், அந்தத் தியாகத்தின் சுமையை அந்தத் தங்கை அல்லவா சுமந்திருக்க வேண்டும்?

உங்கள் மகள் முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அழைப்பு ஒருவர் பெயருக்கு வந்தது. ஆனால் அதற்கான விலையை அவர் ஒருவர் மட்டும் கொடுக்கவில்லை. வில்லியம் கேரியின் மனைவி டாரதியின் கதையைப் படித்தால் இது விளங்கும். திருமணப் பதிவேட்டில் கையெழுத்திடத் தெரியாமல் சிலுவைக் குறி இட்ட கிராமத்துப் பெண் அவர். செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து போதகராக உயர்ந்த கணவர், 1793இல் இந்தியாவுக்குப் போகப் பெயர் கொடுத்துவிட்டு வந்தபோது, டாரதி கர்ப்பிணி. வர மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். கேரி மூத்த மகன் பீலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். கம்பெனியின் அனுமதி இல்லாததாலும், உடன் சென்ற ஜான் தாமஸின் கடன் தொல்லையாலும், அந்தக் கப்பலிலிருந்து அவர்கள் இறங்க நேர்ந்தது. அந்தத் தடையால் டாரதிக்கு மீண்டும் ஒருமுறை முடிவெடுக்க வேண்டிய நிலை வந்தது. பிரசவமாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. தாமஸ் வந்து வற்புறுத்திப் பேசியதும், தங்கை கேத்தரின் உடன் வருவதானால் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். கைக்குழந்தையோடும் மற்றப் பிள்ளைகளோடும் ஒரு டேனிஷ் கப்பலில் ஐந்து மாதம் பயணம் செய்து, 1793 நவம்பரில் வங்காளம் வந்தார். அடுத்த ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பால் இறந்தான். அதன்பின் டாரதியின் மனநிலை குலைந்தது. 1807இல் இறக்கும்வரை அது மீளவே இல்லை. கேரியின் மொழிபெயர்ப்புகளையும் செராம்பூர் அச்சகத்தையும் போற்றுகிற நாம், அடுத்த அறையில் அடைபட்டிருந்த அந்தப் பெண்ணையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

இதற்கு மாறாக, கேட்க வேண்டியதை நேராகக் கேட்ட ஒருவரும் இருந்தார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அதோனிராம் ஜட்சன், ஆன் ஹாசல்டைன் என்ற பெண்ணை மணக்க விரும்பி 1810இல் அவருடைய தந்தைக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. உங்கள் மகளை அனுப்ப இசைகிறீர்களா, இனி இவ்வுலகில் அவளைக் காண மாட்டீர்கள் என்பதை ஏற்கிறீர்களா என்று அதில் அவர் கேட்டார். கடலின் ஆபத்து, இந்தியத் தட்பவெப்பம், வறுமை, அவமானம், ஒருவேளை கொடிய சாவு என்று எதையும் மறைக்காமல் ஒவ்வொன்றாக எழுதினார். தந்தை முடிவை மகளிடமே விட்டார். ஆன் எல்லாம் தெரிந்தே சம்மதித்தார். எழுதியவை பெரும்பாலும் நடந்தன. பர்மாவில் கணவர் சிறையில் கிடந்தபோது கைக்குழந்தையுடன் சிறை வாசலுக்கு அலைந்து அவரைக் காப்பாற்றிய ஆன், 1826இல் தம் 36ஆம் வயதில் இறந்தார். துன்பம் டாரதிக்கும் ஆனுக்கும் பொதுவானது. ஆனால் ஆனுக்கு முன்கூட்டியே எல்லாம் சொல்லப்பட்டு, யோசிக்க அவகாசமும் தரப்பட்டது. டாரதிக்கு அது வாய்க்கவில்லை. இந்த வேறுபாட்டை நான் மிகப் பெரிதாகக் கருதுகிறேன்.

இன்னும் இரண்டை உங்கள் மகள் விட்டுவிடக் கூடாது. ஒன்று, அரசின் அனுமதி. வங்காளத்தில் மிஷனரிகள் நுழைவதைக் கம்பெனி விரும்பவில்லை. 1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம்தான் உரிமம் பெற்று வர வழி திறந்தது. அதற்கு ஓராண்டு முன்பு கல்கத்தாவில் இறங்கிய ஜட்சன் தம்பதியும் அவர்களோடு வந்தவர்களும் நாட்டைவிட்டு வெளியேறும்படி ஆணை பெற்றார்கள். அவர்களில் ஒருவரான ஹாரியட் நியூவெல், இடம் தேடிப் போன கடல் பயணத்தில் பிறந்த குழந்தையை இழந்து, மொரீசியஸ் தீவில் 19 வயதில் இறந்தார். இரண்டாவது, அனுப்புகிற சங்கத்துக்குக் கீழ்ப்படிய வேண்டிய கடமை. இதற்கு உங்கள் ஊரிலேயே சான்று உண்டு. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து திருநெல்வேலித் திருச்சபையைப் பெருகச் செய்த ரேனியஸ் ஐயர், ஆங்கிலிக்கன் சபை (இங்கிலாந்துத் திருச்சபை) ஒழுங்குகளில் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1835இல் தாம் சார்ந்த சங்கத்தாலேயே விலக்கப்பட்டார். அழைத்தவர்களே ஒருநாள் விலக்கவும் கூடும் என்பதைப் புறப்படும்போது யார் எண்ணிப் பார்த்திருப்பார்கள்?

கேள்வி: மிஷனரியாக வர ஒப்புக்கொள்வது என்பது காலனி ஆட்சிக்கு ஊழியம் செய்ய ஒப்புக்கொள்வதுதானே? மனச்சாட்சியுள்ள ஒருவர் அந்தக் காரணத்துக்காகவே மறுத்திருக்க வேண்டாமா?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: இந்தக் கேள்வியை அவர்கள் தங்களிடமே கேட்டிருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது சரியே. ஆனால் பெரும்பாலோர் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்களுடைய நாட்குறிப்புகளிலும் கடிதங்களிலும் தங்கள் தகுதி, ஆத்தும நிலை, உடல்நலம், குடும்பம் ஆகியவற்றைப் பற்றிய போராட்டம் பக்கம் பக்கமாக உண்டு. ஆளப்படுகிற மக்களிடம் ஆள்கிறவர்களின் கப்பலில் போய் இறங்குவது பற்றிய போராட்டம் மிக அரிது. அது ஒரு பெருங்குறை என்றே நான் கருதுகிறேன்.

என்றாலும், மிஷனரிகளும் ஆட்சியாளர்களும் ஒரே கை என்று சொல்லிவிட வரலாறு இடம் கொடுக்காது. சீகன்பால்குவை 1708இல் சிறையிலடைத்தவர் தரங்கம்பாடிக் கோட்டையின் டேனிஷ் ஆளுநரே. நான்கு மாதம் அவர் அங்கே கிடந்தார். 1793இல் மிஷனரிகளை அனுப்ப வகைசெய்யும் யோசனையை இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் முன்வைத்தபோது கம்பெனியின் பங்காளிகள் அதை எதிர்த்துத் தோற்கடித்தார்கள். மத உணர்வைத் தீண்டினால் வியாபாரம் கெடும் என்பது அவர்கள் கணக்கு. 1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய தலைப்பாகையைத் திணித்ததும் சமயக் குறிகளைத் தடைசெய்ததும் படைத்தலைமை செய்த காரியங்கள். ஆனாலும் இங்கிலாந்தில் ஒரு சாரார் மிஷனரிகள்மேல் பழிபோட்டார்கள்.

அதே சமயம், நல்ல எண்ணத்தோடு வந்தவரையும் ஆட்சி தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டது. 1779இல் சென்னை அரசு சுவார்ட்ஸை ஐதர் அலியிடம் சமாதானத் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. கம்பெனி அதிகாரிகளை நம்பாத ஐதர், சுவார்ட்ஸின் நேர்மையை நம்பினார். சமாதானத்துக்காகத்தான் போகிறோம் என்று சுவார்ட்ஸும் நம்பினார். வழிச்செலவுக்கு ஐதர் கொடுத்த பணத்தைக்கூடத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் தஞ்சையில் பிள்ளைகளின் பள்ளிக்குப் பயன்படுத்தினார். ஆனால் அடுத்த ஆண்டே போர் மூண்டது. கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட ஆற்காட்டு நவாபின் நாடு எரிந்தது. ஒரு மனிதரின் நேர்மையை ஓர் அரசு தன் நேர்மைபோலக் காட்டிக்கொள்ள முடியும் என்பதுதான் இதிலுள்ள கேடு. வருமுன் மறுத்திருக்க வேண்டுமா என்று கேட்டால், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வந்த பின்பு அந்தத் தூதுப் பயணத்தை மறுத்திருக்கலாம் என்றே சொல்வேன்.

கேள்வி: மிஷனரியின் மனைவியாக அல்லாமல், பெண்களுக்கே நேரடியாக அழைப்பு வந்ததுண்டா?
– வாசகி ஒருவர், வேலூர்

பதில்: 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை அது அபூர்வம், அதன்பின் நிறையவே வந்தது. உங்கள் ஊரில் இருந்துகொண்டு ஐடா ஸ்கடரை நினைக்காமல் இருக்க முடியாது. மேலே சொன்ன ஜான் ஸ்கடரின் பேத்தி அவர். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனரிக் குடும்ப வாழ்வைக் கண்ணால் கண்டதாலேயே அந்த வாழ்வு வேண்டாம் என்று தீர்மானித்திருந்தார். நோயுற்ற தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைக் காப்பாற்ற வாருங்கள் என்று அவரிடம் வந்து நின்றார்கள். நான் மருத்துவர் அல்ல, என் தந்தையை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவுக்குத் திரும்பி 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று வந்தார். 1902இல் வேலூரில் மருத்துவமனையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அவரால் எழுந்தன. எந்தச் சங்கத்தின் கடிதத்துக்கும் அசையாத ஐடாவை, இந்த மண்ணின் மூன்று குடும்பங்கள் தங்கள் தேவையைச் சொல்லி அழைத்ததுதான் அசைத்தது. நான் அறிந்த அழைப்புகளில் இதைவிட நேரடியானது வேறில்லை.

கேள்வி: வெள்ளையர்களுக்கு மட்டும்தான் இந்த அழைப்பா? நம் தமிழர்கள் மிஷனரிகளாகப் போனதில்லையா? போனவர்கள் எதைச் சீர்தூக்கினார்கள்?
– வாசகர் ஒருவர், தூத்துக்குடி

பதில்: தரங்கம்பாடியில் ஆரோன் 1733இலேயே குருப்பட்டம் பெற்றார். தஞ்சையிலிருந்து சத்தியநாதன் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். 1790இல் குருப்பட்டமும் பெற்றார். அவர் அங்கே போவதற்குக் காரணமே, குளோரிந்தா என்ற விதவைப் பெண்ணும் அவரைச் சுற்றித் திரண்ட சிறு சபையும் தங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று விடாமல் கேட்டதுதான். ஊர் ஊராக நடந்த உபதேசியார்களின் பெயர்கள் பல நமக்குக் கிடைக்கவே இல்லை. அவர்களை அழைத்தவர்களும் சம்பளம் நிர்ணயித்தவர்களும் மாற்றியவர்களும் ஐரோப்பியர்களாகவே இருந்ததால், அவர்கள் எதை எண்ணி ஒப்புக்கொண்டார்கள் என்பதை எழுதிவைக்க அக்கறை காட்டியவர்கள் குறைவு.

தமிழர்கள் தமிழர்களை அழைத்த கதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது. வெள்ளாளன்விளையில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் திரட்டித் தங்கள் ஆட்களை மிஷனரிகளாக அனுப்புவதைப் பார்த்தார். திருநெல்வேலிச் சபை அவர்களைவிடப் பெரியது. ஆனால் அப்படி ஒருவரையும் அனுப்பியிருக்கவில்லை. அது அவரை உறுத்தியது. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கம் தொடங்கிற்று. இந்தியர்கள் போவது, இந்தியர் பணத்தில் போவது, இந்தியரே நிர்வகிப்பது என்பது அதன் கொள்கை. நிஜாமின் ஆட்சிக்குட்பட்ட தெலுங்கு நாட்டில், டோர்னக்கல் அதன் முதல் பணித்தளமாயிற்று.

கடல் இல்லை என்பதைத் தவிர, போகிறவருக்குத் தூரம் குறைந்ததாகச் சொல்ல முடியாது. மொழி வேறு, அரசு வேறு, சோறும் சுற்றமும் வேறு. வெள்ளைக்கார மிஷனரிக்குக் கிடைத்த பங்களாவும் பாதுகாப்பும் செல்வாக்கும் இவர்களுக்கு இல்லை. ஆனால் வேறொன்று இருந்தது: அனுப்பியவர்கள் அவர்களுடைய சொந்த ஊர் மக்கள். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துச் சேர்த்த தாய்மார்களின் காணிக்கையில் போகிறோம் என்ற எண்ணம், லண்டனிலிருந்து வரும் சம்பளத்தால் உண்டாக முடியாத ஒரு கடப்பாட்டை உண்டாக்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

அசரியாவுக்கு அப்போது இந்தியா முழுவதும் சுற்றி இளைஞர்களிடையே பணியாற்றும் உயர்ந்த பொறுப்பு இருந்தது. மற்றவர்களைப் போகச் சொல்லிக்கொண்டிருந்தவர், தாமே ஏன் போகக் கூடாது என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்காமல், 1909இல் அந்தப் பொறுப்பை விட்டுவிட்டுக் குருப்பட்டம் பெற்று டோர்னக்கல் போனார், தெலுங்கு கற்றார். அடுத்த ஆண்டு எடின்பரோ நகரில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், ஐரோப்பிய மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி கூறிவிட்டு, அவர்கள் இந்தியரோடு சமமான நட்பில் பழகுவதில்லை என்பதை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அரங்கில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1945 ஜனவரி 1ஆம் நாள் டோர்னக்கல்லிலேயே இறந்தார்.

அவருடைய மனைவி அன்பு மாரியம்மாள், தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்பை எட்டிய முதல் சிலரில் ஒருவர். டோர்னக்கல்லில் கணவரோடு தோளோடு தோள் நின்று உழைத்தார். அவரைப் பற்றித் தனியாக விரிவாக எழுதப்பட வேண்டும். பாளையங்கோட்டை அம்மாவின் மகள் கட்டுரையை முடித்த பிறகு, மனமிருந்தால், அந்த வேலையைத் தொடங்கலாம்.